கப்பல் சுற்றுலாவில் அசலான உள்ளூர்க் கைவினைப் பொருளை வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சொகுசுக் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் எட்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். இறங்கும் வரிசைக்கும் திரும்பி ஏறும் கெடுவுக்கும் போக மிஞ்சுவது இன்னும் குறைவு. இந்த நேரத்திற்குள் புதியவர்கள் பொருள் வாங்கும் முறை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. கண்ணில் பட்டதை எடுக்கிறார்கள், விலை பேசுகிறார்கள், பணம் கொடுக்கிறார்கள். கப்பலுக்குத் திரும்பிய பிறகுதான் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்து, எங்கே செய்தது என்று தேடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுகிறது. எதைக் கொண்டுபோக அனுமதி உண்டு, எதை வாங்குவது, எங்கே தேடுவது, அசல்தானா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகுதான் விலை. உள்ளூர்ப் பொருள் என்று இங்கே குறிப்பிடுவது, அந்தத் துறைமுகத்திலோ அதன் சுற்றுவட்டாரத்திலோ வாழும் ஒருவர் அங்கேயே தம் கையால் செய்த பொருளை மட்டுமே.

1. புறப்படுவதற்கு முன்: துறைமுகத்திற்கு ஒரு பொருள்

பயணத் திட்டம் கைக்கு வந்தவுடன் ஒவ்வொரு துறைமுகத்திற்கும் எதிரே ஒரே ஒரு பொருளின் பெயரை எழுதுங்கள். ஐந்தாறு பொருள்களை எழுதினால் கடையில் நிற்கும்போது எல்லாம் கலந்துவிடும். ஒன்றை எழுதினால் அதைப் பற்றி ஒரு மணி நேரம் படித்து, அசல் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ள முடியும்.

எந்தப் பொருள் என்று முடிவு செய்ய எளிய வழி, அந்த ஊரில் எது விளைகிறது, எது மண்ணிலிருந்து கிடைக்கிறது, எந்தத் தொழில் இன்றும் நடக்கிறது என்று பார்ப்பதுதான். டொமினிகா தீவில் கலினாகோ மக்கள் லாரூமா என்ற நாணலில் கூடை பின்னுகிறார்கள்; அந்த நாணல் அங்கேயே வளர்வது. கிரெனடாவில் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் விளைகின்றன. பனாமாவின் குனா யாலா தீவுகளில் பெண்கள் மோலா என்னும் பல அடுக்குத் துணி வேலையைச் செய்கிறார்கள். டொமினிக்கன் குடியரசில் லாரிமார் என்ற நீலக்கல் பராஹோனா பகுதியில் வெட்டி எடுக்கப்படுகிறது. வேறு எந்த நாட்டிலும் அது கிடைப்பதில்லை.

இதே கேள்வியை மறுபக்கமாகவும் கேட்க வேண்டும். கரீபியன் துறைமுகங்களில் அதிகமாக விளம்பரப்படுத்தப்படும் கற்களில் ஒன்று டான்சனைட். அது தான்சானியாவில் கிளிமஞ்சாரோவுக்கு அருகிலுள்ள மெரெலானி மலைப்பகுதியில் மட்டுமே கிடைப்பது. கல் நல்ல கல்லாகவே இருக்கலாம்; ஆனால் கரீபியனுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பனாமா தொப்பி என்று அழைக்கப்படுவதும் இப்படித்தான். அது ஈக்வடாரில் டோக்கியா என்ற செடியின் இழையால் பின்னப்படுவது. அந்தப் பின்னல் கலை 2012-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஈக்வடாரின் பெயரிலேயே சேர்க்கப்பட்டது. உங்கள் கப்பல் ஈக்வடாரின் மாண்டா துறைமுகத்தைத் தொடுமானால், அந்தத் தொப்பிக்குப் பெயர்பெற்ற மோன்டெகிரிஸ்டி அங்கிருந்து சிறிது தூரம்தான். பனாமா கால்வாய்ப் பயணத்தில் மட்டும் செல்பவர் பட்டியலில் தொப்பியை அடித்துவிட்டு மோலாவை எழுதுவது சரி.

கூடவே எடுத்துச் செல்ல வேண்டியவை: பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறிய லென்ஸ், மடக்கக்கூடிய துணிப்பை, ஒரு சுருள் பபிள் ராப், இணைய இணைப்பு இல்லாமலும் வேலை செய்யும்படி தரவிறக்கிய வரைபடம், உள்ளூர் நாணயத்தில் சிறிய நோட்டுகள். லென்ஸை வேடிக்கையாக நினைப்பவர்கள் ஆறாவது பகுதியைப் படித்த பிறகு முடிவு செய்யட்டும்.

2. தடை செய்யப்பட்டவற்றை முதலிலேயே நீக்குங்கள்

இந்தப் படியைப் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அசலான, அழகான, நியாயமான விலையில் கிடைத்த பொருளே சுங்கத்தில் பறிபோவது இதனால்தான். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் 1975 முதல் நடைமுறையில் உள்ளது. ஏறக்குறைய எல்லாச் சுற்றுலாக் கப்பல் நாடுகளும் அதில் உறுப்பினர்கள். கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள் என்பது எல்லை தாண்டிக் கொண்டுபோகலாம் என்பதற்குச் சான்று ஆகாது.

அழுங்காமை ஓட்டில் செய்த சீப்பு, வளையல், கண்ணாடிச் சட்டம் எதையும் தொடாதீர்கள். அவற்றின் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டுள்ளது. கருப்புப் பவளத்திற்கு ஏற்றுமதிச் சான்று தேவை. கரீபியனின் ராணிச் சங்கு 1992 முதல் சைட்டீஸ் கட்டுப்பாட்டில் உள்ளது. சொந்த உபயோகத்திற்கு ஒருவர் மூன்று சங்குகள் வரை கொண்டுபோக அந்த ஒப்பந்தம் விலக்கு அளித்தாலும், தனித்தனி நாடுகள் அதைவிடக் கடுமையான விதிகளை வைத்துக்கொள்ளலாம் என்பதால், புறப்படும் நாட்டின் விதியையும் திரும்பும் நாட்டின் விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அலாஸ்காவில் பூர்வகுடிக் கலைஞர்கள் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கி விற்பது சட்டப்படி சரியானது. ஆனால் பல அலாஸ்கா கப்பல்கள் கனடாவின் வான்கூவரில் பயணத்தைத் தொடங்கவோ முடிக்கவோ செய்கின்றன. எல்லை தாண்டிய கணத்தில் அந்தச் சிற்பத்திற்கு ஏற்றுமதி ஆவணம் தேவைப்படும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையன்று. ஆவணம் கிடைக்குமா, எத்தனை நாளாகும் என்பதே.

வேறு சில இடங்களில் காரணம் வேறு. ஹைதியில் பதப்படுத்தாத ஆட்டுத்தோல் போர்த்திய மேளங்களை அமெரிக்கா அனுமதிப்பதில்லை. தோலில் ஆந்த்ராக்ஸ் கிருமி இருக்கக்கூடும் என்பதே காரணம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் விதை, மரம், நாணல், இறகு எதுவாக இருந்தாலும் அறிவிக்கச் சொல்கின்றன. விதை மாலை ஒன்றை அறிவிக்காமல் விட்டால் அபராதம் உண்டு. துருக்கியில் தொன்மையான பொருள்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோவது கடுமையான குற்றம். பழைய கம்பளத்திற்கு, அது தொன்மைப் பொருள் அன்று என்று அருங்காட்சியகம் தரும் சான்று தேவைப்படலாம். தென்னமெரிக்கத் துறைமுகங்களில் கிடைக்கும் கோக்கா இலைத் தேநீர், விற்குமிடத்தில் சாதாரணப் பொருள். பல நாடுகளின் சுங்கத்தில் அது போதைப் பொருள்.

கப்பலுக்கென்றும் தனி விதிகள் உண்டு. கத்தி, வாள், கோடரி போன்ற கைவினைப் பொருள்களைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிட்டுப் பயணத்தின் இறுதியில்தான் தருவார்கள். சில நிறுவனங்கள் திருப்பியே தருவதில்லை. முன்பதிவின்போது வந்த தடைப் பட்டியலை இறங்குவதற்கு முன்பே படித்துவிடுவது நல்லது.

3. கப்பலில் தரும் கடை வரைபடத்தை எப்படிப் படிப்பது

துறைமுகத்தை அடைவதற்கு முதல்நாள் கப்பலின் அரங்கத்தில் கடைகளைப் பற்றிய ஓர் உரை நடக்கும். அறைக்கு வண்ண வரைபடமும் வரும். அதில் குறிக்கப்பட்ட கடைகள் பெரும்பாலும் விளம்பரத்திற்குப் பணம் கட்டியவை. வரைபடத்தின் ஓரத்தில் மிகச்சிறிய எழுத்தில் அதைச் சொல்லியும் இருப்பார்கள். நகைக்கோ கைக்கடிகாரத்திற்கோ அந்தக் கடைகள் தரும் பொருள் உத்தரவாதம் பயன்படலாம். உள்ளூர்க் கைவினையைத் தேடுபவருக்கு அந்த வரைபடத்தால் வேறொரு பயன் இருக்கிறது: எந்தத் தெருக்களில் நேரத்தைச் செலவழிக்கத் தேவையில்லை என்பதை அது காட்டிவிடுகிறது.

ஒரே பெயர்ப்பலகை மூன்று நாடுகளின் துறைமுகங்களில் தென்பட்டால், அதற்குள் இருப்பது எந்த ஊரின் பொருளும் அன்று.

வழிகாட்டியுடன் செல்லும் கரைச் சுற்றுலாவில் பட்டறை விளக்கம், கம்பளச் செய்முறை என்று ஒரு நிறுத்தம் இருந்தால், அங்கு நடக்கும் விற்பனையில் வழிகாட்டிக்கும் நிறுவனத்திற்கும் தரகு போவது வழக்கம். செய்முறையைப் பாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள், தேநீரும் அருந்துங்கள். கட்டாயம் எதுவும் இல்லை. அங்கு கற்றதை வைத்து வேறு கடையில் வாங்குவது எந்த வகையிலும் நன்றிகெட்ட செயலாகாது.

4. துறைமுக நாளை எந்த வரிசையில் நடத்துவது

இறங்கியவுடன் கடிகாரத்தைக் கப்பல் நேரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சில துறைமுகங்களில் கப்பல் நேரமும் கரை நேரமும் ஒரு மணி நேரம் வேறுபடும். கைப்பேசி தானாகவே கரை நேரத்திற்கு மாறிவிடும். கப்பல் புறப்படுவதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பே ஏறிவிட வேண்டும் என்று கெடு இருக்கும். கப்பல் கடலில் நிற்க, டெண்டர் என்னும் சிறு படகில் கரைக்கு வரும் ஊராக இருந்தால் கடைசிப் படகின் நேரமே உங்கள் கெடு.

பிறகு, துறைமுக வாயிலை ஒட்டிய கடைவீதியை நிற்காமல் கடந்துவிடுங்கள். அது கப்பல் வரும் நாட்களை நம்பி நடப்பது. வாடகை அதிகம், பொருள் வேகமாக விற்றாக வேண்டும். தம் கையால் வாரத்திற்கு இரண்டு கூடை பின்னும் ஒருவரால் அந்த வாடகையைத் தாங்க முடியாது.

முதலில் செல்ல வேண்டிய இடம் அருங்காட்சியகம் அல்லது பண்பாட்டு மையம். உள்ளே சுற்ற நேரமில்லை என்றால் அதன் விற்பனைக் கூடமாவது. அங்கே நல்ல தரமான பொருள் எப்படி இருக்கும், நியாயமான விலை எவ்வளவு என்ற இரண்டும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பெரும்பாலும் செய்தவரின் பெயரும் ஊரும் எழுதிய சீட்டு தொங்கும். அடுத்து பட்டறைக்கோ கைவினைஞர் கூட்டுறவுச் சங்கத்திற்கோ செல்லுங்கள். அலாஸ்காவின் கெட்சிகானில் இறங்குபவர்கள் சாக்ஸ்மன் கிராமத்தில் குலமரபுத் தூண்கள் செதுக்கப்படும் கொட்டகையைப் பார்க்க முடியும். உளி மரத்தில் விட்டுச்செல்லும் தடத்தை அங்கே ஒருமுறை பார்த்தவரை அச்சில் வார்த்த தூணைக் காட்டி ஏமாற்றுவது கடினம். சந்தையைக் கடைசியாக வையுங்கள். எளிதில் உடையும் பொருளையும் கனமான பொருளையும் திரும்பும் வழியில்தான் வாங்க வேண்டும். காலை பத்து மணிக்கு வாங்கிய பீங்கான் தட்டு மாலை வரை கையில் ஆடிக்கொண்டிருக்கும்.

வெனிஸில் இந்த வரிசைக்குக் கூடுதல் கவனம் தேவை. 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் ஜூதெக்கா கால்வாய்க்குள் வர அனுமதியில்லை. மார்கெரா, ட்ரியெஸ்டே, ரவென்னா போன்ற இடங்களில்தான் பயணிகளை இறக்குகின்றன. அங்கிருந்து நகரத்திற்கு வந்து, மீண்டும் படகேறி, கண்ணாடி வேலைக்குப் பெயர்பெற்ற முரானோ தீவுக்குச் செல்வதற்கான நேரத்தை முன்கூட்டியே கணக்கிடாதவர்கள் வழியில் தென்படும் முதல் கண்ணாடிக் கடையிலேயே வாங்கிவிடுகிறார்கள்.

5. வாசலிலேயே கடையை எடைபோடுதல்

ஒரே பொம்மை ஒரே அளவில் ஒரே வண்ணத்தில் நாற்பது அடுக்கப்பட்டிருந்தால் வெளியே வந்துவிடலாம். கையால் செய்தவை ஒன்றையொன்று ஒத்திருக்கும், ஒன்றேபோல் இருக்காது. ஊரின் பெயரை மட்டும் மாற்றினால் வேறு துறைமுகத்திலும் விற்கக்கூடிய பொருள்கள் இருந்தாலும் அதே முடிவுதான்.

மூலையில் ஒரு வேலைமேசை, பாதி முடிந்த வேலை, மரத்தூள், வெட்டிப்போட்ட நூல் துண்டுகள், வண்ணம் படிந்த கிண்ணம் ஆகியவை நல்ல அறிகுறிகள். ஆனால் வாசலில் ஒருவரை உட்காரவைத்துப் பின்னச் சொல்லிவிட்டு உள்ளே இறக்குமதிப் பொருளை விற்கும் கடைகளும் உண்டு. அவர் கையிலுள்ள பின்னலின் இழையும் அலமாரியிலுள்ள பின்னலின் இழையும் ஒன்றுதானா என்று பார்த்தால் போதும்.

6. கையில் எடுத்துச் சோதிக்கும் முறை

இந்த வழிகாட்டியின் நீளமான பகுதி இதுதான். அதற்குக் காரணம் உண்டு. கடைக்காரரின் சொல், சீட்டு, சான்றிதழ் ஆகிய மூன்றையும் இறக்குமதி செய்துவிடலாம். பொருளின் பின்புறத்தை மாற்றுவது கடினம். எதை எடுத்தாலும் முதலில் பின்புறத்தையும் அடிப்பகுதியையும் பாருங்கள்.

எல்லாப் பொருளுக்கும் பொதுவான ஒரு சோதனை: ஒரே வகைப் பொருள் இரண்டை எடுத்து அருகருகே வையுங்கள். ஒன்றில் ஒரு சிறு குழியோ கீறலோ இருந்தால், மற்றதிலும் அதே இடத்தில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் இரண்டும் ஓர் அச்சிலிருந்து வந்தவை. இதற்கு மொழியும் வேண்டாம், அனுபவமும் வேண்டாம்.

மரமும் கல்லும்: உண்மையான மரத்தில் வரியோட்டம் மேற்பரப்பில் தொடங்கி அடிப்பகுதி வரை தொடர்ந்து ஓடும். ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் வார்த்து மரவண்ணம் பூசியதில் வரிகள் விளிம்போடு நின்றுவிடும். பக்கவாட்டில் மெல்லிய அச்சுக்கோடு தென்படும். கல்லைக் கன்னத்தில் வைத்தால் சட்டென்று குளிரும். ரெசின் அந்த அளவுக்குக் குளிராது, எடையும் குறைவு.

கம்பளம்: ஓரத்தைப் புரட்டிப் பின்புறத்தைப் பாருங்கள். கையால் முடிச்சிட்டதில் முன்புற வடிவம் பின்புறத்திலும் அதே தெளிவுடன் தெரியும்; முடிச்சுகளின் வரிசை அங்கங்கே சற்றே நெளியும். அடுத்து முனையிலுள்ள குஞ்சத்தைப் பிடித்து அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கைத்தறிக் கம்பளத்தில் குஞ்சம் என்பது பாவு நூலின் நீட்சி. கம்பளத்தின் உடலுக்குள்ளிருந்தே அது வெளிவரும். தனியாகத் தைத்து ஒட்டிய குஞ்சமாக இருந்தால் எந்திரத்தில் நெய்ததாகவே பெரும்பாலும் இருக்கும். பட்டு என்று சொன்னால், குஞ்சத்திலிருந்து ஒரே ஓர் இழையைக் கடைக்காரரின் சம்மதத்தோடு எரித்துப் பார்க்கலாம். பட்டு எரிந்தால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். பளபளப்பேற்றிய பருத்தியும் ரேயானும் காகிதம் எரியும் வாசனையைத் தரும். சம்மதிக்க மறுப்பவரிடம் பட்டு விலை கொடுக்காதீர்கள்.

மோலா: லென்ஸ் இங்கேதான் உதவுகிறது. மேலடுக்குத் துணியை வெட்டி, விளிம்பை உள்ளே மடித்து, கீழடுக்கின் வண்ணம் தெரியும்படி தைப்பதே இதன் வேலைப்பாடு. மடித்த விளிம்பில் தையல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதாகவும், நூல் மேல்துணியின் வண்ணத்திலும் இருக்க வேண்டும். கூரிய முனைகளிலும் வளைவுகளிலும் துணி பிசிறில்லாமல் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கேதான் திறமை தெரியும். எந்திர ஊசியின் வளைந்து வளைந்து ஓடும் தையல் தென்பட்டால் கீழே வைத்துவிடலாம். சற்று மங்கிய வண்ணமும் ஓரத்தில் பழைய தையல் துளைகளும் உள்ள மோலாவைப் புதியவர்கள் ஒதுக்குகிறார்கள். அது ஒருவர் ரவிக்கையில் வைத்துத் தைத்து அணிந்தது. விற்பதற்காக அவசரமாகத் தைத்ததைவிடப் பெரும்பாலும் அதன் வேலைப்பாடு உயர்ந்தது.

நாணலும் ஓலையும்: தொப்பியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து உள்ளிருந்து பாருங்கள். உச்சியில் தொடங்கி வட்டம் வட்டமாகப் பின்னல் விரிவது தெரியும். இழைகளின் அகலம் நூலிழை அளவுக்கு மாறிக்கொண்டே இருக்கும். உயர்ந்த ரகத்தில் விளிம்பு தைக்கப்படாமல், இழைகள் உள்நோக்கித் திருப்பிப் பின்னப்பட்டிருக்கும். காகித இழையில் எந்திரம் நெய்த தொப்பியில் எல்லா இழையும் ஒரே அகலம். ஈரவிரலால் தேய்த்தால் மென்மையாகிவிடும். ஓலைப் பைகளில், ஊர்ப் பெயரை வண்ணநூலால் பூவேலை செய்திருப்பதை உள்ளூர் வேலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இறக்குமதி செய்த பையில் அந்தப் பூவேலையை மட்டும் அங்கே சேர்ப்பதும் உண்டு. பையின் உள்தையலில் சீட்டு வெட்டியெடுத்த இரண்டு நூல்முனைகள் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கண்ணாடியும் பீங்கானும்: ஊதிச் செய்த கண்ணாடியின் அடியில், இரும்புக் கோலிலிருந்து பிரித்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும், சிலர் அதைத் தேய்த்து வழவழப்பாக்கியிருப்பார்கள். முரானோவில் செய்ததற்கு ‘வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ’ என்ற பதிவுபெற்ற முத்திரை உண்டு. வெனெத்தோ மாநிலம் 1994-இல் இயற்றிய சட்டத்தின் வழியே வந்தது. ஒட்டுச்சீட்டில் உற்பத்தியாளரின் குறியெண்ணும் இருக்கும். அந்த முத்திரை இல்லாத நல்ல பட்டறைகளும் உள்ளன. ஆனால் ‘முரானோ பாணி’ என்று எழுதியிருந்தால் அதற்கு முரானோவில் செய்ததன்று என்றே பொருள். பீங்கான் ஓவியத்தை லென்ஸில் பாருங்கள். தூரிகை ஓவியத்தில் வண்ணம் அடர்ந்தும் மெலிந்தும் போகும். அச்சுத்தாள் ஒட்டியதில் புள்ளிகள் தெரியும். பளபளப்பான பூச்சுள்ள மண்பாண்டத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உணவுக்குப் பயன்படுத்தலாம் என்று தெளிவாகச் சொல்லாதவரை அதை அலங்காரப் பொருளாகவே கருதுங்கள். லிஸ்பனில் பழைய சுவர் ஓடுகளை வாங்க வேண்டாம். கட்டடங்களிலிருந்து திருடப்பட்டவை அவற்றில் கலந்திருக்கின்றன. இன்றைய பட்டறையில் எழுதிய புதிய ஓடு போதும்.

ஆம்பர்: பால்டிக் துறைமுகங்களில் விற்கும் இது பழங்கால மரப்பிசின்; கையில் வைத்தால் கனமின்றி, வெதுவெதுப்பாக இருக்கும். இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்த தண்ணீரில் ஆம்பர் மிதக்கும். கண்ணாடியும் பல பிளாஸ்டிக்குகளும் மூழ்கும். ஆனால் இளம் பிசினான கோபலும் மிதக்கும். அதன் மேல் ஒரு துளி அசிட்டோனை வைத்தால் பிசுபிசுக்கும், ஆம்பர் மாறாது. நல்ல கடைகளில் உப்புநீர்க் கிண்ணத்தை அவர்களே வைத்திருப்பார்கள்.

வெள்ளி: 925 என்ற முத்திரை உலோகத்தின் தூய்மையைப் பற்றியது, செய்த ஊரைப் பற்றியதன்று. மெக்சிகோவில் அல்பாக்கா என்ற பெயரில் விற்கும் கலப்புலோகத்தில் வெள்ளியே கிடையாது. காந்தம் அதை இழுக்காது என்பதால் காந்தச் சோதனையை நம்பி ஏமாறாதீர்கள்.

7. செய்தவரிடமோ விற்பவரிடமோ என்ன கேட்பது

‘இது கையால் செய்ததா’ என்று கேட்டால் விடை எப்போதும் ஆம்தான். ஆம், இல்லை என்று முடிக்க முடியாத கேள்விகளைக் கேளுங்கள். யார் செய்தார், எந்தக் கிராமம், இந்த வண்ணம் எதிலிருந்து வந்தது, எந்தப் பகுதி செய்யக் கடினம் என்று கேட்டால், அறிந்தவர் பொருளைக் கையில் எடுத்து விளக்கத் தொடங்கிவிடுவார். அறியாதவர் பேச்சை விலைக்கு மாற்றுவார். பேச்சு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே உங்களுக்கான விடை.

செய்பவரைப் படமெடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். வாங்காமல் படம் மட்டும் எடுத்துச் செல்பவர்களால் பல இடங்களில் கைவினைஞர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள்.

8. சீட்டும் சான்றிதழும்

ஒரு சொல்லை விட்டுவிட்டுப் படிப்பதால் வரும் தவறுகள் இங்கே அதிகம். ‘இங்கே வடிவமைக்கப்பட்டது’ என்றால் வேறெங்கோ செய்யப்பட்டது. ‘கையால் வண்ணம் தீட்டியது’ என்றால் வண்ணம் மட்டுமே கையால். பொருள் தொழிற்சாலையில் வார்த்ததாக இருக்கலாம். யாருடைய பெயரும், எண்ணும், கையொப்பமும் இல்லாமல், ‘இது அசல்’ என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் வெறும் அச்சுத்தாள்.

அரசு அமைப்புகள் தரும் முத்திரைகளுக்கு மதிப்பு உண்டு. அலாஸ்காவின் ‘சில்வர் ஹேண்ட்’ முத்திரை, அந்தப் பொருளை அலாஸ்காவில் வாழும் பூர்வகுடிக் கலைஞர் செய்தார் என்பதற்கானது. கரடி உருவம் பொறித்த ‘மேட் இன் அலாஸ்கா’ முத்திரை வேறு. அது அலாஸ்காவில் செய்ததைக் குறிக்கும், செய்தவர் பூர்வகுடி என்பதைக் குறிக்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

9. விலையும் பணமும் ரசீதும்

பேரம் பேசுவதைப் பற்றி ஒரே விதி எல்லா ஊருக்கும் பொருந்தாது. திறந்த சந்தையில் பேசலாம். செய்தவரே விலைச்சீட்டு ஒட்டி வைத்திருக்கும் பட்டறையில், இரண்டு மூன்று பொருள்களைச் சேர்த்து வாங்கும்போது மட்டும் கேட்பது முறை. அருங்காட்சியகக் கூடத்தில் பார்த்த விலையில் கால்பங்குக்கு ஒரு பொருள் கிடைத்தால் மகிழ வேண்டாம். மீண்டும் ஆறாவது பகுதிக்குத் திரும்புங்கள். வெனிஸை அடுத்த புரானோ தீவின் ஊசிப்பின்னல் லேசில் உள்ளங்கையளவு துண்டுக்கே பல நாள் உழைப்பு தேவை. சில யூரோவுக்குக் கிடைக்கும் மேசைவிரிப்பு அந்தப் பின்னலாக இருக்க முடியாது.

கார்டில் பணம் கட்டும்போது உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கவா, உள்ளூர் நாணயத்தில் கழிக்கவா என்று கருவி கேட்கும். உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் வங்கித் தரப்பு நிர்ணயிப்பதால் பெரும்பாலும் கூடுதலாகப் போகும். கிராமத்துக் கைவினைஞரிடம் கார்டுக் கருவி இருக்காது. பெரிய நோட்டுக்குச் சில்லறையும் இருக்காது.

ரசீதில் ‘பரிசுப் பொருள்’ என்று எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். பொருளின் பெயர், எதனால் செய்தது, செய்தவர், ஊர், தேதி, விலை இவ்வளவும் இருந்தால்தான் சுங்கத்திலும் பிறகு புகார் செய்யவும் அது உதவும். இத்தாலியில் போலி முத்திரைப் பொருளை வாங்குபவருக்கும் 7,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. தெருவோரத்தில் துணி விரித்து விற்பவரிடம் பிரபல நிறுவனத்தின் பெயருள்ள பையை வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

கம்பளத்தைக் கடையே அனுப்பிவைக்கும் என்றால், பின்புற ஓரத்தில் உங்கள் கையொப்பத்தை இட்டு, கையொப்பத்தோடு படமெடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிற்கு வருவது நீங்கள் தேர்ந்தெடுத்ததுதானா என்பதற்கு அதுவே சான்று. சுருட்டிக் கையோடு கொண்டுபோக முடியுமானால் அதைவிடச் சிறந்தது வேறில்லை.

10. கப்பலுக்குத் திரும்புவதும் வீடு சேர்ப்பதும்

கப்பல் வாசலில் எல்லாப் பையும் ஸ்கேனருக்குள் போகும். கூர்மையான கருவி, மெழுகுவர்த்தி, உள்ளூர் மது ஆகியவற்றைத் தனியே எடுத்துக் காட்டினால் வரிசை வேகமாக நகரும். மதுவைப் பெரும்பாலும் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி இரவில் அறைக்கு அனுப்புவார்கள். பயணம் விமானத்தில் முடியுமானால் அந்தப் புட்டி சரக்குப் பெட்டிக்குள்தான் போக வேண்டும் என்பதால் பபிள் ராப்பில் ஒரு பகுதியை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

மரம், நாணல், விதைப் பொருள்களை அறையில் ஒரு வெள்ளைத்துணியின் மேல் தட்டிப் பாருங்கள். மாவு போன்ற தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. அதை மற்றப் பொருள்களோடு வைக்காமல் நெகிழிப் பையில் இறுகக் கட்டி, கப்பல் அலுவலரிடம் சொல்லிவிடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியே வசிப்பவர்களுக்கு மதிப்புக்கூட்டு வரி திரும்பக் கிடைக்கும். அதற்கான படிவத்தை வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிக் கடையில் நிரப்ப வேண்டும். குறைந்தபட்சத் தொகை நாட்டுக்கு நாடு மாறும், இத்தாலியில் 2024 முதல் 70 யூரோவைத் தாண்டினால் போதும். சுங்க முத்திரையை வாங்கிய ஊரில் அல்லாமல், ஒன்றியத்தைவிட்டு வெளியேறும் கடைசித் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோதான் பெற வேண்டும். பொருளைக் காட்டச் சொல்வார்கள் என்பதால், முத்திரை வாங்கும்வரை அதைப் பெட்டியின் அடியில் புதைக்காதீர்கள்.

வீடு திரும்பும் நாட்டின் சுங்கப் படிவத்தில் மரம், தோல், விதை, சிப்பி எதுவாயினும் அறிவித்துவிடுங்கள். அறிவித்த பொருளை அதிகாரி பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம், கிருமிநீக்கம் செய்யச் சொல்லலாம், வாங்கி வைத்துக்கொள்ளவும் செய்யலாம். பொதுவாக அபராதம் வருவது மறைத்தவர்களுக்குத்தான். ரசீதுகளையும் செய்தவரின் பெயர் எழுதிய சீட்டுகளையும் கையில் எடுத்துச் செல்லும் பையில் ஒரே உறையில் வைத்திருந்தால், ஸ்கேனருக்கு அப்பால் கேள்வி வரும்போது பெட்டியைக் கிளற வேண்டியிருக்காது.